அழுத்தமின் காற்றுமதகு: சொல்லும் அமைப்பும் அளவும்

முன்னுரை

காற்று கண்ணுக்குப் புலனாகாதது. ஆயினும் நெருக்கி அடைக்கப்பெற்ற காற்று பெருவேலைகளைச் செய்ய வல்லது என்பதனை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பேருந்தின் சக்கரங்களை நிறுத்துவதும், அதன் கதவைத் திறந்து மூடுவதும் அடைபட்ட காற்றே. காற்றுத் தாரைத் தறியில் ஊடை நூலைப் பாவினூடே செலுத்துவதும் அதுவே. மருத்துவமனையில் தானே மூச்சுவிட இயலாதவர்க்கு மூச்சூட்டும் கருவியிலும், எண்ணெய்த் துப்புரவாலையில் குழாய்களைத் திறந்து அடைக்கும் பொறிகளிலும் இக்காற்றே ஏவல் செய்கின்றது. இவ்வெல்லாவிடத்தும் காற்றை வேண்டுங்கால் விடுத்து, வேண்டாக்கால் தடுத்து, வேண்டும் அளவே செலுத்தும் ஓர் உறுப்பு இன்றியமையாதது. அவ்வுறுப்பினை ஆங்கிலச் சொல்லாலேயே 'வால்வு' என்று வழங்கி வருகின்றோம்.

அவ்வுறுப்பினுள் ஒருவகையான, மின்னழுத்தம் ஏற்றால் வளையும் பீங்கான் தகட்டால் இயங்கும் சிற்றுறுப்பினைப் பற்றியது இக்கட்டுரை. தமிழாய்வு இதழில் இதற்கு இடம் யாது என்னும் வினா எழலாம். அறிவியல் தமிழ் என்பது சொற்பட்டியல் தொகுப்பதனோடு அமைந்துவிடாது. ஒரு பொருளின் இயல்பையும் அளவையும் காரணகாரியத் தொடர்பையும் தமிழ் உரைநடையில் இடையறாது சொல்லிச் செல்ல இயலுமா என்பதே உண்மையான தேர்வு. சொல் பொருந்தாதவிடத்துப் பொருளும் பிறழும். பொருள் பிறழின் ஈண்டு விளைவது இலக்கணப் பிழை மட்டுமன்று. உயிர்க்கு ஊறும் ஆகலாம் என்பதனைக் கட்டுரையின் பிற்பகுதி காட்டும்.

1. சொல்லும் பொருளும்

'வால்வு' என்பதன் மூலம் இலத்தீன மொழியில் மடிப்புக் கதவின் ஒரு பலகையைக் குறித்த சொல்லாகும். எனவே திறந்து மூடும் கதவு என்னும் கருத்தே அதன் அடிப்படை. தமிழில் இதற்கு அடைப்பிதழ், தடுக்கிதழ், ஓரதர் எனப் பல சொற்களை வழங்குவோர் உளர். ஓரதர் என்பது ஒருவழியே செல்லவிடும் பாதை எனப் பொருள்படும். நெஞ்சப்பையின் அறைகளுக்கிடையே குருதி பின்னோக்கிப் பாயாவண்ணம் காக்கும் உறுப்புக்கும், மிதிவண்டிச் சக்கரத்தில் காற்றை உள்ளேவிட்டு வெளியே விடாத உறுப்புக்கும் இச்சொல் மிகப் பொருந்தும். கொல்லன் உலைத்துருத்தியின் உட்புறத்துத் தோல்மடலும் ஓரதரே. அது துருத்தி விரியுங்கால் திறந்து, சுருங்குங்கால் தானே மூடிக்கொள்ளும்.

ஆயின் நாம் ஈண்டு ஆராயும் உறுப்பு அத்தகையது அன்று. காற்றின் போக்கால் தானே திறந்து மூடுவது ஓரதர். பிறிதொன்றன் ஏவலால், ஏவிய அளவுக்கே திறப்பது இது. அடைப்பிதழ் என்பதோ அடைக்கும் உறுப்பை மட்டும் சுட்டுமேயன்றித் திறப்பின் அளவைச் சுட்டாது. ஏவலும் அளவும் ஒருங்கே அமைந்த சொல் தமிழில் இல்லையா எனின், வேளாண் வழக்கில் உண்டு. அது 'மதகு' என்பதாம்.

ஏரிப் பாசனத்தில் குமிழித் தூம்பு என வழங்கும் அமைப்பை நோக்குக. ஏரியின் உட்புறத்தே இரு கற்றூண்கள் நிறுத்தி, அவற்றிடையே தண்டொன்றால் தூக்கவும் இறக்கவும் கூடிய அடைப்பினை அமைத்தனர். அடைப்பைத் தூக்கும் அளவுக்கேற்ப நீரோடித் துளை வழியே நீர் இறங்கிக் கரையின் கீழுள்ள கால்வாயால் வயலை அடையும். அடியிலுள்ள சேறோடித் துளைகள் வண்டலை வெளியேற்றும். துளை, துளையின் வாயை மூடும் அடைப்பு, அடைப்பைத் தூக்கும் தண்டு, தண்டை இயக்கும் கை என்னும் நான்கு கூறுகள் இதன்கண் உள. இன்றைய காற்றியக்க உறுப்பிலும் இந்நான்கே உள. நீருக்கு ஈடாகக் காற்றும், தண்டுக்கும் கைக்கும் ஈடாக வளையும் தகடும் வந்துள்ளன. ஆதலின் 'காற்றுமதகு' என்னும் சொல்லை யாம் இக்கட்டுரையில் ஆள்கின்றோம். தானே இயங்குவதற்கு ஓரதர், ஏவலால் அளவுபட இயங்குவதற்கு மதகு எனக் கொள்ளின் ஆங்கிலத்தில் ஒரு சொல்லுள் மயங்கிக் கிடக்கும் இருபொருள் தமிழில் தெளிவாகப் பிரியும்.

2. அழுத்தமின் விளைவு

சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் மின்னேற்றம் தோன்றும். இதனை 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு உடன்பிறந்தாராகிய சாக் கியூரி, பியர் கியூரி என்போர் குவார்ட்சு, தூர்மலின், ரோசெல் உப்பு முதலிய படிகங்களில் கண்டு வெளியிட்டனர். அவர்களை இவ்வாராய்ச்சிக்குச் செலுத்தியது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்த மற்றொரு பண்பாகும். தூர்மலின் படிகத்தைச் சூடாக்கினால் அதன் முனைகளில் மின்னேற்றம் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து இக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்த ஒல்லாந்தர், தணலருகே வைத்தபோது அது சாம்பலை ஈர்ப்பதைக் கண்டு வியந்தனர். தூர்மலின் என்னும் பெயரும் சிங்களத்துத் 'தோரமல்லி' என்னும் சொல்லின் திரிபேயாகும். சூட்டினால் மின்னேற்றம் தரும் இப்பண்பினை நினைவிற் கொள்க. பின்னர் இதனால் ஆவதொன்றுண்டு.

அழுத்தத்தால் மின்னேற்றம் தோன்றுமாயின், மின்னழுத்தத்தைச் செலுத்தினால் படிகம் வடிவு மாறுதல் வேண்டும் என 1881-இல் கபிரியேல் லிப்மன் என்பார் வெப்ப இயக்கவியல் முறையால் நிறுவினார். கியூரி உடன்பிறந்தார் அதே ஆண்டில் அதனைச் சோதித்து மெய்யென்றனர். முன்னதை நேர் விளைவு என்றும், பின்னதை மறுதலை விளைவு என்றும் கூறலாம். நம் வீட்டு அடுக்களையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் சொடுக்குக் கருவி நேர் விளைவால் ஆயது. அதனுள் ஒரு சிறு சுத்தி பீங்கான் துண்டின்மேல் மோதுகின்றது. அம்மோதலால் எழும் உயர் மின்னழுத்தம் பொறியாகத் தெறிக்கின்றது. காற்றுமதகோ மறுதலை விளைவால் இயங்குவது. ஆயினும் ஒரே பொருள் இரு விளைவையும் உடையது. ஒன்றைக் கொண்டு மற்றதை ஒழிக்க இயலாது.

இயற்கைப் படிகங்களில் இவ்விளைவு மிகச் சிறிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பேரியம் டைட்டனேட்டு என்னும் செயற்கைப் பீங்கானின் மின்பண்புகள் பல நாடுகளில் தனித்தனியே கண்டறியப்பட்டன. 1954-இல் அமெரிக்க நாட்டு நியமக் கழகத்தைச் சார்ந்த யாஃபே முதலியோர் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் கூட்டு ஆக்சைடுப் பீங்கானில் இவ்விளைவு பெரிதும் மிக்கிருத்தலை வெளியிட்டனர். இன்றுவரை இத்துறையில் மிகுதியும் பயில்வது இப்பீங்கானே.

இதனைச் சுட்டெடுத்த அளவில் அழுத்தமின் விளைவு புலப்படாது. அதனுள் எண்ணிறந்த நுண்படிகங்கள் திசைக்கொன்றாகக் கிடத்தலின் ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடும். வலிய மின்புலத்தில் வைத்து அவற்றை ஒருமுகப்படுத்துதல் வேண்டும். இதனை முனைவாக்கம் என்பர். முனைவாக்கம் பெற்ற பீங்கான் மூவகையால் தன் பண்பை இழக்கும்: கியூரி வெப்பநிலை எனப்படும் எல்லைக்கு மேற் சூடேறுதல், முனைவுக்கு எதிரான வலிய மின்புலம், மிக்க அழுத்தம் என்பன அவை. கியூரி வெப்பநிலை கலவைக்கேற்ப ஏறத்தாழ 200 முதல் 350 பாகை செல்சியசு வரை அமையும். அவ்வெல்லையின் பாதியளவுக்கு மேற் செல்லாதபடி பயன்படுத்துவது வழக்கம்.

3. வளையும் தகடு

இப்பீங்கான் எவ்வளவு நீளும்? மி.மீ. ஒன்றுக்கு ஓராயிரம் அல்லது ஈராயிரம் வோல்ட்டு செலுத்தினும், நீளத்தின் ஆயிரத்தில் ஒரு பங்களவே வடிவு மாறும். 10 மி.மீ. உயரமுள்ள கட்டி 10 மைக்ரோமீட்டரே உயரும். அது தலைமயிரின் கனத்தினும் மிகக் குறைவு. அக்கட்டி மிக்க விசையோடு தள்ளுமாயினும், அத்துணைச் சிறு இடைவெளியில் காற்று போதிய அளவு செல்லாது. ஆதலின் விசையை விட்டுக்கொடுத்து அசைவைப் பெறும் உத்தி வேண்டும்.

ஓலையொன்றை வெயிலில் இடின், மேற்புறம் முன்னே காய்ந்து சுருங்க, அடிப்புறம் சுருங்காது நிற்றலின் ஓலை மேல்நோக்கிச் சுருளும். சுருக்கம் சிறிதே, சுருளலோ பெரிது. இதே நெறியால் இரு பீங்கான் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒன்றைச் சுருங்கச் செய்து மற்றதை அவ்வாறே இருக்கச் செய்தால் அவை சேர்ந்து வளையும். ஒரு முனையைப் பற்றி நிறுத்தினால் மறுமுனை ஏறி இறங்கும். இதனை ஈரடுக்கு வளைதகடு எனலாம்.

ஒரு தகட்டை முனைவுத் திசையிலும் மற்றதை எதிர்த்திசையிலும் ஏவினால் முன்னது சுருங்கவும் பின்னது நீளவும் கூடும். ஆயின் எதிர்த்திசை மின்புலம் முனைவை அழிக்கும் எனக் கண்டோம். எனவே மூன்று கம்பிகள் அமைப்பர். மேற்பரப்புக்கு முழு மின்னழுத்தமும் கீழ்ப்பரப்புக்குச் சுழியும் நிலையாகக் கொடுத்து, நடுப்பரப்பின் மின்னழுத்தத்தை மட்டும் சுழியிலிருந்து முழுமைவரை மாற்றுவர். அப்போது இரு தகட்டிலும் மின்புலம் எஞ்ஞான்றும் முனைவுத் திசையிலேயே நிற்கும். ஒன்றில் கூடுந்தோறும் மற்றதில் குறையும். தகடு ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு வளையும்.

4. அளவும் கணக்கும்

பொதுமையிற் கூறியதை ஓர் எடுத்துக்காட்டாற் கணித்துக் காண்போம். தகட்டின் வளையும் நீளம் 25 மி.மீ.; அகலம் 8 மி.மீ.; மொத்தக் கனம் 0.6 மி.மீ., அஃதாவது ஒவ்வோர் அடுக்கும் 0.3 மி.மீ. எனக் கொள்வோம். மின்னழுத்தம் 150 வோல்ட்டாயின் மின்புலம் மி.மீ. ஒன்றுக்கு 500 வோல்ட்டு ஆகும். இத்தகு பீங்கான் அப்புலத்தில் நீளவாட்டில் பதினாயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும் எனவும், அதன் மீள்திறன் கெழு சதுர மீட்டருக்கு 6,000 கோடி நியூட்டன் எனவும் கொள்வது பொருத்தமே. வளைவுக் கோட்பாட்டின்படி, எல்லைக்கு எல்லை நுனியின் தடையற்ற அசைவு ஏறத்தாழ 156 மைக்ரோமீட்டர். நுனியை அசையவொட்டாது தடுக்க வேண்டும் விசை ஏறத்தாழ 0.26 நியூட்டன், இது 26 கிராம் எடைக்கு ஒப்பாகும்.

இவ்விரு எண்களுக்கும் உள்ள உறவே வடிவமைப்பின் உயிர்நிலை. மின்புலம் மாறாதிருக்க, நீளத்தை இரட்டித்தால் அசைவு நான்மடங்காகும், விசை பாதியாகும். கனத்தை இரட்டித்தால் விசை நான்மடங்காகும், அசைவு பாதியாகும். அகலத்தை இரட்டித்தால் விசை மட்டும் இரட்டிக்கும். அசைவையும் விசையையும் பெருக்கி வரும் தொகை, தகட்டின் கன அளவுக்கு ஏற்பவே அமையும். அஃதாவது குறித்த அளவு பீங்கானைக் கொண்டு அசைவையும் விசையையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாமேயன்றி இரண்டையும் ஒருங்கே மிகுவிக்க ஒண்ணாது.

இனித் துளையை நோக்குவோம். தொழிற்சாலைகளிற் பயிலும் காற்றின் அழுத்தம் பெரும்பாலும் வளிமண்டலத்தின் மேல் 6 பார் அளவினது. துளையின் விட்டம் 1 மி.மீ. ஆயின் அதன் வாயில் காற்றுத் தள்ளும் விசை 0.47 நியூட்டன். நம் தகட்டின் விசை 0.26 நியூட்டனே ஆதலின் துளையை மூடவே இயலாது. விட்டத்தை 0.4 மி.மீ. ஆகக் குறைத்தால் விசை 0.075 நியூட்டனாகக் குறையும். விசை விட்டத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால் சிறு குறைப்பும் பெரும்பயன் தருகின்றது.

துளையை முழுதும் திறக்கத் தகடு எவ்வளவு விலகவேண்டும்? துளையின் வாயைச் சுற்றி வட்டத் திரைபோல் அமையும் இடைவெளியின் பரப்பு, துளையின் பரப்புக்கு ஒப்பாகும்வரை விலகினால் போதும். அவ்விலகல் விட்டத்தின் நாலில் ஒன்று. அதற்குமேல் விலகுவதால் வரும் பயன் சிறிது. 0.4 மி.மீ. துளைக்கு 100 மைக்ரோமீட்டர் வேண்டும்.

மூடிய நிலையில் 0.075 நியூட்டன் எதிர்விசையைத் தாங்குதற்கு அசைவில் 45 மைக்ரோமீட்டர் செலவாகும். எஞ்சுவது 111. திறப்புக்கு 100 போக மிஞ்சுவது 11 மைக்ரோமீட்டரே. துளைவாயில் ஒட்டிய இரப்பர் மெத்தையை அழுத்திக் கசிவின்றி அடைத்தற்கு இம்மிச்சத்தால் கிடைக்கும் விசை 0.018 நியூட்டன், அஃதாவது இரண்டு கிராம் எடைக்கும் குறைவு. காகிதத்தில் மதகு மூடிவிட்டது, நடைமுறையில் கசியும். அகலத்தை 12 மி.மீ. ஆக்கினால் மிச்சம் 26 மைக்ரோமீட்டராகவும், அடைக்கும் விசை 0.065 நியூட்டனாகவும் உயரும். ஆதலின் 12 மி.மீ. அகலத்தையே மேற்கொள்வோம். இம்மாற்றம் பிறிதோரிடத்தில் தன் விலையைக் கேட்கும் என்பதனைக் காண்போம்.

இத்துளை வழியே செல்லும் காற்று எவ்வளவு? வெளியழுத்தம் உள்ளழுத்தத்தின் 0.53 பங்குக்கும் குறைவாயின், துளையில் காற்று ஒலியின் வேகத்தை எய்திவிடும். அதன்பின் வெளியழுத்தத்தை எவ்வளவு குறைப்பினும் போக்கு மிகாது. துளை ஒன்றே தடையெனக் கொண்டால் நம் மதகில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 லிட்டர் காற்றுச் செல்லும். இடைவெளியும் தடையாதலின் உண்மையில் இதனினும் குறையும். பெரும்பொறியை இயக்க இது போதாது. எனவே இச்சிறு மதகைக் கொண்டு ஒரு மென்சவ்வின் மேலுள்ள அழுத்தத்தை மாற்றி, அச்சவ்வினால் பெரிய மதகொன்றைத் திறப்பர். சிறுமதகு ஏவுவது, பெருமதகு செய்வது. ஆலைகளிற் குழாய்களின் திறப்பை நிலைநிறுத்தும் கருவிகளில் இவ்விருபடி அமைப்பு வழங்குகின்றது. செருமனி நாட்டு நிறுவனமாகிய ஃபெசுடோ 2017-இல் காட்சிக்கு வைத்த, ஏவும் கட்டளைக்கேற்பப் பல வேலைகளைச் செய்யும் காற்றியக்கத் தொகுதியும் இத்தகைய அழுத்தமின் சிறுமதகுகளால் ஏவப்படுவதே.

5. தயக்கமும் ஊர்தலும்

பீங்கான் தகடு ஏவலுக்கு முற்றும் பணிவதன்று. மின்னழுத்தத்தை ஏற்றிச் செல்லுங்கால் ஒரு வழியாகவும், இறக்கி வருங்கால் வேறொரு வழியாகவும் தகடு வளையும். ஒரே மின்னழுத்தத்திற்கு இருவேறு நிலைகள். வேறுபாடு முழு அசைவில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் ஆகலாம். இதனைத் தயக்கம் என்கின்றோம். இரும்பின் காந்தப் பண்பில் வழங்கும் அதே சொல் ஈண்டும் பொருந்தும். மேலும் மின்னழுத்தம் மாறாது நிற்பினும் தகடு மெல்ல மெல்ல மேலும் வளைந்துகொண்டே செல்லும். இஃது ஊர்தல் எனப்படும்.

முழுதும் திறத்தல், முழுதும் மூடல் என்னும் இரண்டே போதுமாயின் இக்குறைகளால் தீங்கில்லை. எல்லையில் மிச்சவிசை இருந்தால் அமையும். அளவாகத் திறக்கவேண்டின், மதகுக்கு அப்பால் அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி ஒன்றை வைத்து, வேண்டிய அழுத்தத்தோடு உள்ள அழுத்தத்தை ஓயாது ஒப்பிட்டு மின்னழுத்தத்தைத் திருத்துதல் வேண்டும். மதகு காக்கும் காவலாளன் தண்டின் உயரத்தை நம்பாது வாய்க்காலின் நீர்மட்டத்தை நோக்கித் திறப்பை மாற்றுவது போன்றதே இது.

விரைவைப் பொறுத்தவரை இத்தகட்டுக்குக் குறையில்லை. அதன் இயல் அதிர்வு நொடிக்கு 430 அளவினது. சில மில்லிநொடிகளில் அது நிலைகொள்ளும். தூசும் ஈரமுமே அதன் பகைகள். 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஒரு துகள் சிக்கினால் மதகு மூடாது. ஆதலின் காற்றை நன்கு வடித்தே விடுதல் வேண்டும். ஈரப்பதம் மிக்கவிடத்து மின்புலத்தின் கீழ் வெள்ளிப் பூச்சு அணு அணுவாக நகர்ந்து இரு பரப்பையும் இணைத்துவிடும். எனவே தகட்டின்மேல் ஈரம் புகாத மெல்லுறை இடுவர்.

6. ஆற்றலும் பொறியும்

வரிச்சுருளால் இயங்கும் மின்காந்த மதகு திறந்து நிற்கும் காலமெல்லாம் மின்னோட்டத்தை உண்ணும். ஒரு வாட்டு என்பது அதற்குச் சிறிய உணவே. அழுத்தமின் தகடோ மின்தேக்கி போன்றது. ஒருமுறை மின்னேற்றம் பெற்றபின் அந்நிலையில் நிற்க ஆற்றல் வேண்டுவதில்லை. 12 மி.மீ. அகலத் தகட்டின் தேக்குதிறன், பீங்கானின் மின்காப்புக் கெழு 2,000 எனக் கொள்ளின், ஏறத்தாழ 35 நானோபாரடு. 150 வோல்ட்டில் அதனுள் தங்கும் ஆற்றல் 0.4 மில்லிசூல். நொடிக்குப் பத்துமுறை இயக்கினும் செலவு சில மில்லிவாட்டுகளே. ஒரு வாட்டுச் சுருள் ஒரு மணி நேரத்தில் 3,600 சூல் ஆற்றலை வெப்பமாக்குவதனோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். மின்கலத்தால் இயங்கும் மருத்துவக் கருவிகளுக்கும், நெடுந்தொலைவிலிருந்து மெல்லிய கம்பி வழியே ஆற்றல் பெறும் ஆலைக் கருவிகளுக்கும் இதனால் வரும் நன்மை பெரிது.

இவ்விடத்தே ஒரு மயக்கம் நிகழ்வதுண்டு. 'இத்துணைச் சிறிய ஆற்றலால் தீங்கு யாது? எரிவாயு சூழ்ந்த ஆலையிலும் இது தானே பாதுகாப்பானது' என்று எண்ணத் தோன்றும். கணக்கு அதனை மறுக்கின்றது. காற்றோடு தக்க அளவிற் கலந்த ஐட்ரசன் வளியைப் பற்றவைக்கப் போதிய மின்பொறியின் ஆற்றல் ஏறத்தாழ 0.02 மில்லிசூல். மீத்தேன் வளிக்கு ஏறத்தாழ 0.3 மில்லிசூல். நம் தகட்டில் தங்கியிருப்பதோ 0.4 மில்லிசூல். ஒரு கம்பி அறுந்து மற்றதைத் தொட்டால் அவ்வாற்றல் பொறியாக வெளிப்படலாம். 8 மி.மீ. அகலத் தகட்டில் இது 0.27 மில்லிசூலாக இருந்தது. கசிவை நீக்க அகலத்தைக் கூட்டினோம். அதன் விலை ஈண்டு வெளிப்படுகின்றது. சிறிது என்பது ஒப்பீட்டுச் சொல். சுருளின் செலவை நோக்கச் சிறிது. எரிவாயுவின் வேட்கையை நோக்கப் பெரிது.

அன்றியும் மின்னிணைப்பே இல்லாதபோதும் தகடு வாளாவிருப்பதன்று. அதனை இடித்தால் அடுக்களைச் சொடுக்கியைப் போல மின்னழுத்தம் தோன்றும். திடீரெனச் சூடேறினால் ஒல்லாந்தரின் தூர்மலினைப் போல மின்னேற்றம் பெறும். நேர் விளைவை ஒழித்து மறுதலை விளைவை மட்டும் கொள்ள இயலாது என்று முன்னர்க் கூறியதன் பயன் இதுவே.

இதற்குத் தீர்வு இரு தடைகள். முதலாவது, தகட்டோடு ஒட்டியே தொடர் தடையொன்றை அமைத்து, இரண்டையும் பிசினுள் புதைத்துவிடுதல். 1,00,000 ஓம் தடையாயின் கம்பிகள் தொட்டாலும் மின்னோட்டம் 1.5 மில்லியாம்பியருக்கு மேற் செல்லாது. ஆற்றல் பொறியாகாது தடையிலேயே வெப்பமாகக் கழியும். இதனால் மதகின் விரைவு குறைந்து, முழுதும் இயங்கப் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். காப்புக்கு விரைவைக் கொடுக்கின்றோம். இரண்டாவது, தகட்டின் பரப்புகளை இணைத்து ஒரு கோடி ஓம் கசிதடை வைத்தல். இடியாலும் சூட்டாலும் தோன்றும் மின்னேற்றம் சேர்ந்து நில்லாது இதன்வழி வடிந்துவிடும்.

7. மின் நின்றால் நிகழ்வது

கசிதடையின் பயன் அதனோடு முடிவதன்று. மின்காந்த மதகில் மின்சாரம் நின்றால் வில்கம்பி உடனே அதனை மூடிவிடும் அல்லது திறந்துவிடும். அழுத்தமின் மதகிலோ கம்பி அறுந்தாலும் தகட்டிலுள்ள மின்னேற்றம் போக வழியின்றித் தங்கும். மதகு கடைசியாக எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே நெடுநேரம் நிற்கும். ஆற்றல் வேண்டாது நிலைகொள்ளும் அப்பண்பே ஈண்டுக் குறையாகின்றது.

மூச்சூட்டும் கருவியை எண்ணிப் பார்ப்போம். மூச்சை உள்ளிடும் மதகு திறந்திருக்கும் நொடியில் இணைப்பு அறுமாயின், காற்று நோயாளியின் நுரையீரலுள் இடையறாது புகுந்துகொண்டேயிருத்தல் கூடாது. ஒரு கோடி ஓம் கசிதடையும் 35 நானோபாரடு தேக்குதிறனும் சேர்ந்தால், மின்னழுத்தம் மூன்றில் ஒருபங்குக்குச் சற்று மேலாகக் குறைய 0.35 நொடி ஆகும். ஒரு நொடிக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். தகடு தன் இயல்பு நிலைக்கு மீளும். அவ்வியல்பு நிலை திறப்பா அடைப்பா என்பதனைத் தகட்டைப் பொருத்தும்போதே, இடும் முன்வளைவினால் முடிவு செய்துவிடல் வேண்டும். அக்கசிதடைக்காகச் செலவாகும் ஆற்றல் இரண்டு மில்லிவாட்டுக்குச் சற்று மிகுதி. அழுத்தம் எல்லை கடந்தால் காற்றின் தள்ளுவிசையாலேயே திறந்து வெளிவிடும் ஓரதர் ஒன்றும் தனியே இருத்தல் வேண்டும்.

சொல்லாராய்ச்சி மீண்டும் பயன்படும் இடம் இது. ஏவலால் இயங்கும் மதகையும் தானே இயங்கும் ஓரதரையும் ஒரே சொல்லாற் குறித்த கையேட்டில், 'வால்வு திறந்துவிடும்' என்னும் தொடர் எதனைச் சுட்டுகின்றது? ஏவும் கருவி பழுதுற்ற வேளையில் காக்க வேண்டியது பின்னது. அவ்வேளையில் நம்பத்தகாதது முன்னது. இரண்டையும் பிரித்தறியாது படிக்கும் பணியாளர் தவறான உறுப்பை நம்பி நிற்பார். ஆங்கிலத்தில் அடைமொழியால் நீக்கும் இம்மயக்கத்தைத் தமிழில் பெயராலேயே நீக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்தன இவை. குறித்த அளவு பீங்கானில் அசைவும் விசையும் ஒன்றற்கொன்று விலையாவன. துளையைச் சிறிதாக்கி, சிறுமதகால் பெருமதகை ஏவுவதே அவ்வெல்லையைக் கடக்கும் வழி. மூடும் விசையைக் கூட்டும் அதே மாற்றம் தேங்கும் ஆற்றலையும் கூட்டும் ஆதலின், ஒவ்வோர் அளவையும் தனித்து நோக்காது ஏனையவற்றோடு வைத்தே முடிவு செய்தல் வேண்டும். ஆற்றலின்றி நிலைகொள்ளும் பண்பு நன்மையுமாம், தீமையுமாம்; கசிதடை ஒன்றே அதனை நன்மையின் பக்கம் நிறுத்துவது. ஈயம் கலவாத பீங்கானைத் தேடும் ஆராய்ச்சி இன்றும் நடைபெறுகின்றது. அதில் எப்பொருள் வரினும் இவ்வுறவுகள் மாறா, எண்களே மாறும்.

அழுத்தமின் விளைவு, முனைவாக்கம், வளைதகடு, தயக்கம், ஊர்தல், கசிதடை, மதகு, ஓரதர் என்னும் சொற்கள் இக்கட்டுரையில் ஒவ்வொன்றும் ஒரே பொருளில் ஆளப்பெற்றன. இவற்றுள் காற்றுமதகு என்பதனை யாம் ஆய்வுக்கு முன்வைக்கின்றோம். ஏரிக்கரையில் வழங்கும் சொல்லை ஆலைக்குக் கொண்டுசெல்வது தகுமா, 'மதகு' என்றவுடன் நீரே நினைவுக்கு வருதல் இடையூறாகுமா என்பன அறிஞர் ஆராய்தற்குரியன. இவ்வுறுப்புகளைக் கையாண்டு பழுது நீக்கும் தொழிலாளரின் வழக்கையும் தொகுத்து நோக்கி முடிவு செய்வதே முறையாகும். அவ்வழக்கினுள் இதனினும் பொருந்திய சொல் இருப்பின், அதனை ஏற்பதே தமிழுக்கு ஆக்கம்.